துணைச் செவிலியர் யார்? பணி, பதிவு, ஏற்பு – ஒரு விளக்கம்

மதுரையிலிருந்து அழகர்கோவில் செல்லும் சாலையின் இருபுறமும் உள்ள சிற்றூர்களில், கருவுற்ற பெண்ணை அவருடைய வீட்டிற்கே சென்று முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் கிராம சுகாதாரச் செவிலியரே. ஊரார் அவரை ‘நர்சம்மா’ என்று அழைப்பர். துறைப் பதிவேடுகளில் அவர் துணைச் செவிலியர் எனவும் குறிக்கப்படுவார். அவர் பெற்ற பயிற்சி, நகரத்து மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர் பெற்ற பயிற்சியிலிருந்து வேறுபட்டது. பதிவின் வகையும் ஊதியமும் வேறு. எனவே, “இவர் முழுமையான செவிலியரா, உதவியாளர் மட்டுமா?” என்னும் ஐயம் பொதுமக்களுக்கு மட்டுமன்றிச் சில வேளைகளில் துறையினருக்கே எழுவதுண்டு. உங்கள் வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருந்தாலும், உங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் செவிலியர் படிப்பைத் தேடிக்கொண்டிருந்தாலும், இந்த ஐயத்திற்கு விடை தெரிந்திருப்பது இன்றியமையாதது.

படிப்புகளும் பெயர்களும்

இந்தியாவில் செவிலியப் பணிக்கு மூன்று அடிப்படைப் படிப்புகள் உள்ளன. நான்கு ஆண்டுகள் பயிலும் இளங்கலைச் செவிலியப் பட்டம் ஒன்று. மூன்று ஆண்டுகள் பயிலும் ஜி.என்.எம். பட்டயம் மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்றை முடித்தவர் பதிவுபெற்ற செவிலியராகவும் பதிவுபெற்ற மகப்பேறு தாதியாகவும் பதிவு செய்யப்படுவார். மூன்றாவது, இரண்டு ஆண்டுகள் பயிலும் ஏ.என்.எம். படிப்பு. இதனை முடித்தவரே துணைச் செவிலியர். அவருக்கும் தனிப் பதிவு உண்டு.

‘துணை’ என்னும் முன்னொட்டு தவறான எண்ணத்தைத் தந்துவிடுகிறது. படுக்கை விரிப்பவர், நோயாளியைத் தள்ளுவண்டியில் அழைத்துச் செல்பவர் முதலிய உதவிப் பணியாளர்களோடு துணைச் செவிலியரையும் சேர்த்து எண்ணுவோர் பலர். உதவிப் பணியாளரின் பணியும் மதிப்பிற்குரியதே. ஆனால் அது வேறு பணி. துணைச் செவிலியர் ஊசி செலுத்தவும், மகப்பேறு பார்க்கவும், நோயாளியின் நிலையைக் கணித்து மேல்சிகிச்சைக்கு அனுப்பவும் பயிற்சி பெற்றவர். சட்டமும் அவரை அவ்வாறே ஏற்கிறது. 1947ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின்கீழ் பேணப்படும் இந்தியச் செவிலியர் பதிவேட்டில் செவிலியர், மகப்பேறு தாதியர், சுகாதாரப் பார்வையாளர் ஆகியோருடன் துணைச் செவிலியருக்கும் இடம் உண்டு. தமிழ்நாட்டில் அதற்கும் முன்னரே, 1926ஆம் ஆண்டின் சென்னை செவிலியர் மற்றும் மகப்பேறு தாதியர் சட்டம் மாநில அளவிலான பதிவு முறையைத் தொடங்கிவைத்தது.

இப்பிரிவு எவ்வாறு தோன்றியது

விடுதலைக்குப் பின் நாடு முழுவதும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தொடங்கப்பட்டபோது, மூன்றாண்டுகளுக்கு மேல் பயின்ற செவிலியர்களைக் கொண்டு சிற்றூர்களை நிரப்ப இயலாது என்பது தெளிவாயிற்று. அவர்களுடைய எண்ணிக்கை குறைவு. அவர்களுள் பெரும்பாலோர் நகரங்களிலேயே பணியாற்றினர். சிற்றூர்களில் மகப்பேற்றைப் பரம்பரை மருத்துவச்சிகளே பார்த்துவந்தனர். இவ்விடைவெளியை நிரப்பவே குறுகிய காலப் பயிற்சி பெற்ற துணைச் செவிலியர் என்னும் பிரிவு 1950களில் உருவாக்கப்பட்டது.

1973இல் கர்தார் சிங் குழு அளித்த அறிக்கை இவர்களுடைய பணியின் தன்மையையே மாற்றியது. அதுவரை மகப்பேறும் தாய்சேய் நலமுமே அவர்களுடைய முதன்மைப் பணி. அக்குழுவின் பரிந்துரைக்குப்பின் அவர்கள் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர் ஆயினர். தடுப்பூசி, குடும்பநலம், தொற்றுநோய்த் தடுப்பு, பிறப்பு இறப்பு விவரம் அனைத்தும் அவர்களைச் சேர்ந்தன. பயிற்சிக் காலமோ இரண்டு ஆண்டுகளிலிருந்து பதினெட்டு மாதங்களாகக் குறைக்கப்பட்டது. பணி பெருகியபோது பயிற்சி சுருங்கியது வியப்பளிப்பதே. பல ஆண்டுகளுக்குப் பின்னரே பயிற்சி மீண்டும் இரண்டு ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது.

தமிழ்நாட்டில் இப்பணியாளர் கிராம சுகாதாரச் செவிலியர் என்னும் பெயரைப் பெற்றார். சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதியிலும் பழங்குடியினர் வாழும் பகுதியிலும் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது தேசிய நெறி. மாநிலம் முழுவதும் இத்தகைய துணை சுகாதார நிலையங்கள் எட்டாயிரத்திற்கும் மேற்பட்டு உள்ளன. பிற மாநிலங்களில் ‘ஆஷா’ பணியாளர் செய்யும் வீட்டுத் தொடர்புப் பணியின் பெரும்பகுதியையும் தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியரே செய்கிறார். இங்கு ஆஷா பணியாளர்கள் பெரிதும் மலைப் பகுதிகளிலும் பழங்குடியினர் பகுதிகளிலும் மட்டுமே உள்ளனர்.

வீட்டு வாசலில் நிகழும் கணிப்பு

துணைச் செவிலியரின் பணி எளிதானது என்று கருதுவோர், ஒரு கர்ப்பகாலப் பரிசோதனையை உடனிருந்து பார்த்தல் நலம். எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதமும் சர்க்கரையும், கருப்பையின் உயரம், கருவின் இதயத்துடிப்பு ஆகியவற்றை அவர் பார்க்கிறார். எண்களைக் குறித்துக்கொள்வது இதில் எளிய பகுதி. அந்த எண்களுக்குப் பொருள் காண்பதே கடினமான பகுதி.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஏழாம் மாதக் கர்ப்பிணி ஒருவர் வயலில் நடவு முடித்து அப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார். இரத்த அழுத்தம் 140/90 என்று காட்டுகிறது. உழைப்பின் களைப்பால் அழுத்தம் சற்று உயர்ந்திருக்கக்கூடும். கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும். அவரை அமரவைத்து, ஓய்வுக்குப் பின் மீண்டும் அளக்க வேண்டும். சிறுநீரில் புரதம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி உண்டா என்று கேட்க வேண்டும். “கால் வீங்குவது எல்லோருக்கும் வருவதுதானே” என்று மாமியார் சொல்லும்போது, அவருடைய மனம் நோகாமல், முகமும் கையும் வீங்கியிருப்பதன் வேறுபாட்டை விளக்க வேண்டும். பிறகு முடிவெடுக்க வேண்டும்: அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்வதா, இன்றே மேலூரிலோ மதுரையிலோ உள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்புவதா? அவ்வீட்டில் அந்நேரத்தில் மருத்துவர் இல்லை. இம்முடிவைக் காலந்தாழ்த்தினால் வலிப்பு வரக்கூடும். தாயும் சேயும் உயிரிழக்கக்கூடும்.

இரத்தசோகையிலும் இதே நிலைதான். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 7 கிராமுக்குக் குறைந்தால் கடுமையான இரத்தசோகை. முதல் வகையினருக்கு இரும்புச்சத்து மாத்திரை போதுமானதாக இருக்கலாம். இரண்டாம் வகையினரை மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். மாத்திரையை வாங்கிச் சென்றவர் உண்மையில் உட்கொள்கிறாரா என்பது எந்தப் பரிசோதனையிலும் உடனே தெரிவதில்லை. மலம் கறுக்கிறது, குமட்டுகிறது என்று நிறுத்திவிடும் பெண்கள் பலர். வீட்டு அடுப்படி வரை சென்று பழகிய நர்சம்மாவிடம் மட்டுமே அவர்கள் அதனைச் சொல்வர். இந்த நெருக்கம் எந்தப் பாடத்திட்டத்திலும் மதிப்பெண் பெறுவதில்லை. ஆயினும் பணியின் பாதி வெற்றி இதனால்தான் கிட்டுகிறது.

பிறப்புக்குப் பின்னும் பணி தொடர்கிறது: பிறந்த குழந்தையை வீட்டில் சென்று காணுதல், தாய்ப்பால் ஊட்டும் முறையைச் சரிசெய்தல், புதன்கிழமைகளில் தடுப்பூசி, வளர்ச்சிக் கண்காணிப்பு, குடும்பநல ஆலோசனை. இவற்றோடு பதிவுப் பணியும் சேர்ந்துகொள்கிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்து பெறும் ஆர்.சி.எச். எண்ணே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அடிப்படை. இந்நிதியுதவி 2018 முதல், ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்து, 18,000 ரூபாயாக உள்ளது. களத்தில் செலவிட வேண்டிய நேரத்தைக் கணினிப் பதிவு எடுத்துக்கொள்கிறது என்னும் மனக்குறை செவிலியரிடையே நெடுநாளாக உண்டு. அது நியாயமற்றது அன்று.

எல்லைகள்

துணைச் செவிலியர் நோய் நிர்ணயம் செய்து தாமாக மருந்து எழுதித் தர இயலாது. எனினும் உயிர்காக்கும் சில நிலைகளில் குறிப்பிட்ட மருந்துகளைச் செலுத்த அவருக்கு அரசே அனுமதி வழங்கியுள்ளது. 2005இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மகப்பேற்றின்போது ஏற்படும் அவசர நிலைகளில் வரையறுக்கப்பட்ட மருந்துகளைத் துணைச் செவிலியர் பயன்படுத்த இடமளித்தன. வலிப்பு கண்ட தாய்க்கு முதல் அளவு மெக்னீசியம் சல்பேட் ஊசியைச் செலுத்தி மருத்துவமனைக்கு அனுப்புவது இவற்றுள் ஒன்று. 2014இல், கடும் தொற்று கண்ட இளம் சிசுவை மருத்துவமனைக்கு அனுப்ப இயலாத நிலையில் ஜென்டாமைசின் ஊசி செலுத்தவும் அனுமதி தரப்பட்டது. மருத்துவர் வரும்வரை காத்திருந்தால் உயிர் தங்காது என்னும் இடங்களில் எல்லைக்கோடு சற்று நகர்த்தப்பட்டது என்று இதனைப் புரிந்துகொள்ளலாம்.

கோடு பின்னோக்கி நகர்ந்ததும் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப்பின் குழந்தைகள் உயிரிழந்த துயர நிகழ்வை அடுத்து, ஊர்களில் தடுப்பூசி போடுவது நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் முன்னிலையில் மட்டுமே போடும் முறை சில காலம் பின்பற்றப்பட்டது. அதனால் கைக்குழந்தையுடன் தாய்மார் நெடுந்தொலைவு வர வேண்டியதாயிற்று. பாதுகாப்பும் எளிதில் கிட்டும் தன்மையும் ஒன்றையொன்று இழுக்கும் இத்தகைய இடங்களில்தான் துணைச் செவிலியரின் பயிற்சித் தரம் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

மகப்பேற்றிலும் மாற்றம் வந்துள்ளது. ஒருகாலத்தில் துணை சுகாதார நிலையத்திலேயே, ஏன், வீட்டிலேயேகூட, கிராம சுகாதாரச் செவிலியர் மகப்பேறு பார்த்தார். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் முறைவைத்து இருபத்துநான்கு மணி நேரமும் பணிபுரியும் ஏற்பாடு வந்தபின், மகப்பேறுகள் அங்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் மாறின. தாய்மாருக்கு இது பெரும் பாதுகாப்பு. அதே நேரத்தில், மகப்பேறு பார்க்கும் கைத்திறன் துணைச் செவிலியரிடம் பயிற்சியின்றிக் குறைந்துவருவதும் உண்மை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்குப்பின், இடைநிலை சுகாதாரப் பணியாளர்களும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும் களத்தில் இணைந்துள்ளனர். இடைநிலை சுகாதாரப் பணியாளர் செவிலியப் பட்டமோ பட்டயமோ பெற்றவர். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற தொற்றா நோய்களைப் பெரிதும் கவனிப்பவர். ஒரே துணை சுகாதார நிலையத்தில் இருவரும் பணிபுரிவதால், யாரிடம் எதற்குச் செல்வது என்று ஊரார் குழம்புவதுண்டு. கர்ப்பம், குழந்தை, தடுப்பூசி எனில் கிராம சுகாதாரச் செவிலியர். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை எனில் மற்றவர் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

பதிவில் சேராத படிப்புகள்

இப்பகுதியைப் பெற்றோர் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். “ஓராண்டில் நர்சிங்”, “ஆறு மாதத்தில் நர்சிங், உடனடி வேலை” என்னும் விளம்பரங்களைப் பேருந்து நிலையச் சுவர்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள். இத்தகைய குறுகிய காலச் சான்றிதழ் படிப்பை முடித்தவரைச் செவிலியராகவோ துணைச் செவிலியராகவோ தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் பதிவு செய்யாது. திறன் மேம்பாட்டுத் திட்டங்களின்கீழ் வழங்கப்படும் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் போன்ற பயிற்சிகள் முறையானவை. நோயாளியைக் குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், நடக்க உதவுதல், படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்கவைத்தல் ஆகியவற்றுக்கு அவை மிகவும் பயன்படும். ஆனால் அவை உதவியாளர் பயிற்சி என்றே வெளிப்படையாகக் கூறப்படுகின்றன. இடர்ப்பாடு, அவ்வாறு கூறாமல் ‘நர்சிங்’ என்று விற்கப்படும் படிப்புகளில்தான் உள்ளது.

நிலத்தை அடகுவைத்தோ நகையை விற்றோ கட்டணம் செலுத்தி, ஓராண்டு கழித்துத் தனியார் மருத்துவமனையில் குறைந்த ஊதியத்தில் சேரும் பெண்ணுக்கு, அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் தம்மிடம் பதிவு எண் இல்லை என்பது தெரியவருகிறது. அயல்நாட்டுப் பணிக்கும் அப்படிப்பு உதவாது, மேற்படிப்புக்கும் உதவாது. அவர் அதுவரை உண்மையாகவே ஊசி போட்டிருக்கலாம், நன்றாகவும் போட்டிருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அது தகுதியற்றவர் செய்த பணி. ஏதேனும் தவறு நேர்ந்தால் பழி முதலில் அவர்மீதே விழும். 2023ஆம் ஆண்டின் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டம், 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்டது. பதிவு பெறாமல் தகுதி பெற்ற செவிலியராகப் பணிபுரிவதற்கு ஓராண்டு வரை சிறை, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அதில் வழியுள்ளது.

நோயாளியின் பக்கமிருந்தும் இதனை நோக்க வேண்டும். வெண்ணிற உடை அணிந்த அனைவரையும் நாம் ‘சிஸ்டர்’ என்கிறோம். பொட்டாசியம் குளோரைடு மருந்தைச் சொட்டு நீரில் கலந்து மெதுவாகச் செலுத்த வேண்டும். நேரடியாக நரம்பில் வேகமாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். இரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் நோயாளிக்குக் குளிரோ முதுகுவலியோ தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். இவற்றை அறிந்தவரே உங்கள் உறவினரின் கட்டிலருகே இருக்கிறாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. முறையாகப் பதிவு பெற்றவர் அதனைத் தயக்கமின்றிக் கூறுவார்.

பிற இடங்களில்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உலகச் செவிலியம் குறித்த அறிக்கையின்படி, உலகில் 2 கோடியே 79 இலட்சம் செவிலியப் பணியாளர்கள் உள்ளனர். அவர்களுள் 22 விழுக்காட்டினர், அதாவது 60 இலட்சம் பேர், துணைநிலைச் செவிலியர். அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியர் என்னும் பிரிவு உண்டு. அவர்களுக்குத் தனித் தேர்வும் உரிமமும் உள்ளன. பிரித்தானியாவின் அனுபவம் நமக்குப் பாடமாகத்தக்கது. போர்க்காலத்தில், 1943ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே உதவிச் செவிலியருக்குத் தனிப் பட்டியல் ஏற்படுத்தப்பட்டது. பல்லாண்டுகளுக்குப்பின், இரண்டு தரத்தில் செவிலியர் வேண்டாம் என்று கூறி அப்பயிற்சி கைவிடப்பட்டது. ஆனால் பணியின் தேவை மறையவில்லை. 2019இல் இங்கிலாந்தில் ‘நர்சிங் அசோசியேட்’ என்னும் பெயரில் ஏறத்தாழ அதே பிரிவு மீண்டும் பதிவுக்கு வந்தது.

இலங்கையில் பொதுச் சுகாதார மருத்துவிச்சி, நம் கிராம சுகாதாரச் செவிலியரின் பணிக்கு மிக நெருங்கிய பணியைச் செய்கிறார். பதினெட்டு மாதப் பயிற்சியே எனினும், வீடுதோறும் சென்று தாய்சேய் நலம் காக்கும் அவருடைய பணி அந்நாட்டின் சுகாதார அமைப்புக்கு அடித்தளமாகக் கருதப்படுகிறது.

மதுரையிலேயே வேறொரு வகை எடுத்துக்காட்டும் உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி அளித்துக் கண்மருத்துவ இடைநிலைப் பணியாளர்களாக ஆக்கியது. பார்வை அளத்தல், அறுவைக்கு நோயாளியை ஆயத்தம் செய்தல், அறுவை அரங்கில் உதவுதல் முதலிய பணிகளை அவர்கள் செய்வதாலேயே, அறுவை மருத்துவர் தம் நேரம் முழுவதையும் அறுவைக்கே செலவிட முடிகிறது. குறுகிய பயிற்சி என்பதனாலேயே பணி தரம் குறைந்ததாகிவிடாது என்பதற்கு இது சான்று. நிறுவனம் அளிக்கும் மதிப்பு வேறு, சட்டப் பதிவு வேறு என்பதையும் இத்துடன் நினைவிற்கொள்ள வேண்டும்; முன்னது அந்நிறுவனத்துள் செல்லும், பின்னது எங்கும் செல்லும்.

உயர்வுக்கான வழி

துணைச் செவிலியர் அந்நிலையிலேயே நின்றுவிட வேண்டியதில்லை. பதிவு பெற்ற துணைச் செவிலியர் ஜி.என்.எம். படிப்பில் சேரத் தகுதி உடையவர். அதன்பின் இரண்டு ஆண்டுகள் பயின்று பட்டமும் பெறலாம். பொது சுகாதாரத் துறையில் கிராம சுகாதாரச் செவிலியர், பகுதி சுகாதாரச் செவிலியராகவும் சமுதாய சுகாதாரச் செவிலியராகவும் பதவி உயர்வு பெறலாம். 1973இல் நிறுவப்பட்ட தேசிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருதுகளில் துணைச் செவிலியருக்கெனத் தனிப் பிரிவே உள்ளது. ஆயினும் மேற்படிப்புக்காகப் பணியிலிருந்து விலக வேண்டிய நிலை, குடும்பப் பொறுப்பு, பதவி உயர்வுக்கான நெடுங்காத்திருப்பு ஆகியவை பலரைத் தடுத்துவிடுகின்றன. ஏணி இருக்கிறது, படிகளுக்கிடையே இடைவெளி அதிகம்.

நீங்கள் செய்யக்கூடியவை

படிப்பில் சேருமுன், அந்தப் பள்ளியோ கல்லூரியோ இந்திய நர்சிங் கவுன்சிலின் ஏற்பையும் மாநிலக் குழுமத்தின் ஏற்பையும் அந்தக் கல்வியாண்டுக்குப் பெற்றுள்ளதா என்று அவற்றின் இணையதளங்களில் பாருங்கள். பழைய ஏற்பாணையின் நகலைக் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். “படிப்பு முடிந்ததும் எந்தப் பதிவேட்டில் என் பெயர் ஏறும்?” என்னும் ஒரே கேள்வியை எழுத்து வடிவில் கேளுங்கள், விடை மழுப்பலாக இருந்தால் கட்டணம் செலுத்த வேண்டாம்.

கர்ப்பம் உறுதியானவுடன், பன்னிரண்டு வாரங்களுக்குள், உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து ஆர்.சி.எச். எண்ணைப் பெறுங்கள். அவர் மருத்துவமனைக்குச் செல்லுமாறு கூறினால், திருவிழா முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் தாய்சேய் நல அட்டையுடன் அன்றே செல்லுங்கள். சித்திரையில் கள்ளழகர் மதுரைக்கு எழுந்தருளும் நாட்களில் அழகர்கோவில் சாலையில் நெரிசல் மிகும். அக்காலத்தில் பேறுகாலம் நெருங்கியவர்கள் எந்த மருத்துவமனைக்கு, எவ்வழியாகச் செல்வது என்பதைச் செவிலியரிடம் முன்னரே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. அவசர ஊர்திக்கு 108, மகப்பேற்றுக்குப்பின் தாயும் சேயும் அரசு மருத்துவமனையிலிருந்து கட்டணமின்றி வீடு திரும்ப 102, சுகாதார ஆலோசனைக்கும் குறைகளைத் தெரிவிக்கவும் 104 ஆகிய எண்களை அழைக்கலாம்.